மூடிய ஊரின் கணக்கு

செவ்வாய்க்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பாகக் கிடக்கும். புளியங்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும்கூட ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். "அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே அம்மாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை, உள்ளே இருப்பது என் பெண்டாட்டி நிர்மலாதேவி, கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவள், போய் அவரவர் ஜோலியைப் பாருங்கள் என்று கத்தத் தோன்றும். கத்தியும் இருக்கிறேன். ஒரு பெரியவர் அதற்கும் கும்பிட்டுவிட்டு, சாமி கோபப்பட்டால் நல்லது நடக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். இவர்களை என்ன செய்ய?

அவளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. கூட இருந்தவன் நான், நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுடலைராஜ். பட்டாளத்திலிருந்து ஓய்வு வாங்கி வந்து, தென்காசியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறேன். ஊர் ஆலடிக்குடியிருப்பு. இலஞ்சிக்குப் பக்கம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயாது. ஊர்க் கோயிலில் உச்சினிமாகாளிக்குச் சாமியாடும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு. அப்பாவுக்குப் பிறகு அது எனக்கு வந்தது. கோமரத்தாடி என்பார்கள். அம்மன் பேசுவது என் வாயால்தான். உண்மையில் அம்மன் வருமா என்று என்னைக் கேட்டால், வந்திருக்கிறது. வராத வருஷமும் உண்டு. வராத வருஷம் மேளத்துக்கு ஆடிவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவேன். ஊர் முகத்தைச் சுளிக்கும். சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். வராததை வந்ததாகச் சொல்ல என்னால் ஆகாது.

நிர்மலா புளியங்குடிக்காரி. எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் மகள். பேச்சிலும் அந்தப் புளிப்பு இருக்கும். தென்காசிக்கு வெளியே ஒரு தனியார் எஞ்சினீயரிங் காலேஜில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலேஜில் வேலைக்குச் சேரும்போதே படிப்புச் சான்றிதழ்களின் அசலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். விட்டுவிட்டுப் போகிறேன் என்றால், வருஷம் முடியட்டும் என்பார்கள். வருஷம் முடிந்தால் அடுத்த வருஷம் முடியட்டும் என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஊரில் விசேஷ வீடுகளில் அவளை முன்னால் கூப்பிடமாட்டார்கள். அவளும் கவலைப்பட்ட மாதிரி காட்டிக்கொள்ளமாட்டாள். தினக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் அந்தத் தாள் பறக்கும்.

கொசுவுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேலி செய்த காலம் உண்டு. அவள் காலேஜ் விடுதியில் ஸ்ரீமதி என்று ஒரு பெண் இருந்தாள். குற்றாலம் சீசன் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. ரத்தம் பார்த்ததில் சிக்குன்குனியா என்றார்கள். சரி, மூட்டு வலிதானே, வலிக்கு ஊசி போடுங்கள் என்று போட்டார்கள். ஆனால் அவள் உடம்பில் டெங்குவும் இருந்திருக்கிறது. டெங்கு இருக்கிற உடம்பில் அந்த வலி ஊசி இறங்கினால் ரத்தம் உறையாமல் கசியத் தொடங்கிவிடுமாம். அந்தப் பிள்ளை போய்விட்டாள். ஒரு காய்ச்சல் கிடைத்ததும் இன்னொன்றைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நிர்மலா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சிக்கு அந்தத் தலைப்பை எடுத்தாள்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஊரில் இருக்கிற எல்லாரையும் அவள் பெட்டி பெட்டியாகப் பிரிப்பாள். நோய் வராதவர்கள் ஒரு பெட்டி. டெங்கு வந்தவர்கள் ஒரு பெட்டி. சிக்குன்குனியா வந்தவர்கள் ஒரு பெட்டி. இரண்டும் சேர்ந்து வந்தவர்கள் ஒரு சின்னப் பெட்டி. குணமானவர்கள் ஒரு பெட்டி. கொசுக்களுக்கும் அதே மாதிரி. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகத்தில் ஆள் போகிறார்கள் என்பதற்கு ஒரு சமன்பாடு. கையில் இருக்கும் குறைந்த காசை எதில் போட்டால் அதிகம் பேர் நோய்ப் பெட்டிக்குள் விழாமல் தப்புவார்கள் என்பதுதான் முடிவான கேள்வி. புகை அடிப்பதா, தண்ணீரைக் கவிழ்ப்பதா, கொசுவலை கொடுப்பதா, காய்ச்சல்காரனுக்கு இரண்டு சோதனையையும் சேர்த்துச் செய்வதா?

அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துவிடு, அதில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், கணக்கு லேசாகிவிடும் என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். "அந்தப் பெட்டியிலதான் சார் ஸ்ரீமதி இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதனால் அவளுக்கு இன்னும் சில வருஷம் இழுத்தது.

கடைசியில் வந்த விடை இதுதான். முதலில் தண்ணீர். தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் இந்தக் கொசு முட்டையிடும், அதைக் கவிழ்க்க வேண்டும். அடுத்தது காய்ச்சல் என்று வந்தவுடன் இரண்டு சோதனையும். புகை எல்லாவற்றுக்கும் கடைசி. புகை அடித்தால் ஜனங்களுக்கு ஏதோ நடந்த மாதிரி இருக்கும், கொசுவுக்கு ஒன்றும் பெரிதாக ஆகாது என்பாள். பழைய அருவிக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனால் அருவியைப் பார்க்கமாட்டாள். கார் நிறுத்துகிற இடத்தில் கிடக்கும் டயரை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். துண்டும் எண்ணெய்த் தலையுமாக நான் காத்துக்கிடக்க வேண்டும்.

அவள் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமாட்டார்கள், உள்ளிருந்து யாரும் வெளியே போகமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அது சுத்தமாக ஓடும். மூடிய ஊர் என்று அதற்குப் பெயர். உலகத்தில் எங்கேம்மா இருக்கிறது அப்படி ஒரு ஊர் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள். அதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது, சிரித்துச் சிரித்து எனக்கே புரை ஏறியது. ஏனென்றால் நாங்கள் அந்த ஊரில்தான் குடியிருந்தோம்.

ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் கால் நாட்டிவிட்டால், கொடை முடிகிறவரை ஊர்க்காரன் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது. பகலில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதும் கால் நாட்டுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். மணிக்கட்டில் காப்புக் கட்டிய கோமரத்தாடிக்கு அதுவும் கிடையாது. குற்றாலத்தில் தீர்த்தம் எடுக்கப் போவதைத் தவிர, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டவே கூடாது. மஞ்சள் தடவிய நூல்தான். ஒரு இழுப்பில் அறுந்துவிடும். ஆனால் அறுத்தவன் எவனும் எங்கள் ஊரில் இல்லை.

நிர்மலாவுக்குப் புதுச்சேரியில் ஒரு ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. கொசு நோய்க்குக் கணக்குப் போடுகிற வேலையேதான். கொடை முடிந்ததும் வந்து சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். காலேஜிலும் சண்டை போட்டு, ஆடி கழிந்ததும் சான்றிதழைத் தருகிறோம் என்று ஒத்துக்கொள்ள வைத்திருந்தாள். இதுதான் நான் ஆடும் கடைசிக் கொடை, அதன்பின் சித்தப்பா மகன் ஆடட்டும், நான் வங்கி வேலையை விட்டுவிட்டு அவளோடு போகிறேன் என்று பேசி முடித்திருந்தோம். இரண்டு பெட்டிகளில் துணிமணி அடுக்கியாகிவிட்டது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சமையல் செய்யும்போது பாட்டுப் பாடினாள். பாட்டு சகிக்காது, அது வேறு விஷயம்.

போகிறதற்கு முன்னால் தன் கணக்கைச் சொந்த ஊரில் ஒரு தடவை நடத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கோயில் பொறுப்பு எங்கள் பெரியப்பா மகன் நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம். கொடைக்குத் தெருத்தெருவாகப் புகை அடித்தால்தான் அவருக்குக் கொடை களை கட்டும். அதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டச் சொல்லுதாளே என்று முனகினார். ஆனாலும் முந்தின வருஷக் கொடையில் பாதி ஊர் காய்ச்சலில் படுத்துக்கிடந்தது அவருக்கு மறக்கவில்லை. சரி என்றார்.

குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தின நாளைப் பார்த்து அவள் தேதி குறித்தாள். இல்லாவிட்டால் எவள் தண்ணீரைக் கொட்டுவாள்? டிரம், சிமெண்டுத் தொட்டி, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஒன்று விடவில்லை. வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டே கவிழ்த்தாள். ஊர் பூராவும் காலிக் குடமாக உருண்டது. எங்கள் வீட்டுத் தொட்டியை என்னைக் கொண்டே தேய்க்க வைத்தாள்.

கோயிலுக்கும் வந்தாள். முற்றத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். விரதம் தொடங்கிய பிறகு பெண்கள் அந்தக் கயிற்றைத் தாண்டுவதில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், அம்மனின் கல்தொட்டி இருக்கிறது. குற்றாலத்திலிருந்து கொண்டுவரும் தீர்த்தத்தை அதில் ஊற்றுவோம். ஊற்றுவதுதான் வழக்கம், எடுப்பது கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சள் நீராட்டு அன்றைக்குத்தான் அதைத் திறந்துவிடுவோம். மேலே மஞ்சள் துணி போர்த்தியிருக்கும். அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், அண்ணாச்சியும் பார்த்தார். எங்கள் யாருக்கும் அது தண்ணீர் நிற்கிற இடமாகத் தோன்றவில்லை. கோயில் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விரதம் தொடங்கியதிலிருந்து எனக்கு அந்த வேப்பமரத்தடிதான் வீடு. ரப்பர் வேலைக்குக் கேரளாவுக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் கொடைக்கு முன்கூட்டியே வந்து, அவர்களும் என்னோடு அங்கேதான் படுத்தார்கள். இரண்டு பேருக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. வந்த அலுப்பு என்று விட்டுவிட்டோம். பிறகு கால் நாட்டினார்கள். எனக்குக் காப்புக் கட்டினார்கள். ஊர் மூடியது.

மறுநாளே எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றால் கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி. அதற்கு அடுத்த நாள் கை விரலை மடக்க முடியவில்லை. முட்டி இரண்டும் வீங்கிவிட்டது. பனிமலையில் காவல் நின்ற உடம்பு இது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. கொடைக்கு எப்படி ஆடப்போகிறான் என்று அண்ணாச்சி பதறிப்போய், பக்கத்து ஊர் கம்பவுண்டரைக் கூட்டி வந்து வலிக்கு ஊசி போடச் சொன்னார். ஊசி தோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நிர்மலா எங்கிருந்துதான் ஓடிவந்தாளோ, கயிற்றுக்கு மேலேயே எட்டிக் கம்பவுண்டர் கையைத் தட்டிவிட்டாள். ஊசி மண்ணில் விழுந்தது. அவர் பயந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கம்பவுண்டரை விரட்டிய கையோடு, ரத்தம் எடுக்கத் தெரிந்த ஒரு பையனைக் கூட்டி வந்தாள். எடுத்த ரத்தத்தை ஐஸ் டப்பாவில் வைத்து ஸ்கூட்டரில் தென்காசிக்குக் கொண்டு போனாள். இரண்டு சோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் முடிவோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, நான் எந்தப் பெட்டியில் இருக்கிறேன் என்று கேட்டேன்.

"சின்னப் பெட்டியில" என்றாள்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கேரளாவிலிருந்து காய்ச்சலோடு வந்த இரண்டு பேரும் தேறிவிட்டார்கள், ஊரில் வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை. இவருக்கு மட்டும் எங்கிருந்து என்று தேடியிருக்கிறாள். கண் கல்தொட்டியில் போய் நின்றது. அங்கே இருந்தவரிடம் சொல்லி, துணியைக் கொஞ்சம் விலக்கச் சொன்னாள். உள்ளே கொசுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணம் ஆன நாள்லேந்து பாக்குதேன். எப்படி விட்டேன்?" என்றாள்.

தென்காசி டாக்டர் போனில் பேசினார். ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்குகிறது, உடனே கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும், தாமதித்தால் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கிவிடும் என்றார். நிர்மலா அண்ணாச்சியிடம் ஓடினாள். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தவர். ஆனால் காப்புக் கட்டினவன் எல்லை தாண்டினால் கொடை நின்றுபோகும், நின்ற கொடைக்கு ஊர் என்ன விலை கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். டாக்டரை இங்கே கூட்டி வருவோம், வேல்கம்பில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு மருந்து ஏற்றலாம் என்றார். ஆளும் அனுப்பினார். எந்த டாக்டர் வருவார்? ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டிய உடம்பை வேப்பமரத்தடியில் வைத்துப் பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நானாக எழுந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. சாகப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. அந்த நூலை நானே அறுத்தால், நான் இதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் கூத்து என்று ஆகிவிடும். நூல் கையில் இருந்தது, நான் நூலுக்குள் இருந்தேன்.

நிர்மலா என் பக்கத்தில் கயிற்றை ஒட்டி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் பிள்ளையைக் கொண்டு போன்னு அம்மன் சொல்லுத மாதிரி சொல்லுங்க. உங்க அண்ணாச்சி அவரே வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவாரு."

"அம்மன் வராம நான் எப்படிச் சொல்லுவேன், நிர்மலா?"

"செத்துப் போவீங்க."

"பொய் சொல்லிப் பொழைச்சேன்னு வையி. பொறவு அது நெசமாவே வாரப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

அவள் என்னைத் திட்டினாள். புளியங்குடி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்கள் பேசுகிற பேச்செல்லாம் வந்தது. பிறகு அழுதாள். ஈறில் எனக்கு ரத்தம் கசிந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்து பெண்கள் பக்கம் போய்விட்டாள். அவளை நான் இப்படித் தவிக்க விடுகிறேனே என்று இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை.

உச்சிப்பூசைக்கு மேளம் தொடங்கியது. என்னை மரத்தில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பாதி மயக்கம். திடீரென்று பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழும்பியது. கண்ணைத் திறந்தால் நிர்மலா கயிற்றைத் தாண்டி உள்ளே வருகிறாள். தலைமுடி அவிழ்ந்து இடுப்புவரை கிடந்தது. காலேஜுக்குப் போகும்போது ஒரு மயிர் பிசகாமல் பின்னல் போட்டுக்கொண்டு போகிறவள். கண் எங்கேயோ நின்றது. நேரே அண்ணாச்சிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏலே நல்லக்கண்ணு! எம் பிள்ளைய எதுக்குலே கட்டிப் போட்டிருக்க?"

மேளம் நின்றுவிட்டது. புருஷனின் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண் எங்கள் ஊரில் கிடையாது. இவளோ அவர் எதிரே வந்தால் நிழலுக்கு ஒதுங்கி நிற்பவள். அண்ணாச்சி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவள் கல்தொட்டியின் அடியில் துளையை அடைத்திருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள். வருஷத் தண்ணீர் புழுவோடு முற்றத்தில் ஓடியது.

"மொதல்ல தண்ணியக் கவுத்து. பொறவு ரத்தத்தைப் பாரு. பொகையெல்லாம் கடேசிலே."

அம்மனுக்குப் புகை மெஷினைப் பற்றி என்ன தெரியும்? அது நிர்மலாவின் ஆராய்ச்சியில் கடைசி அத்தியாயம். எத்தனையோ தடவை எனக்குப் படித்துக் காட்டி நான் கொட்டாவி விட்ட அத்தியாயம். அந்த மயக்கத்திலும் எனக்கு அது புரிந்தது. அவள் என் பக்கத்தில் குனிந்து, என் வலது கையைத் தூக்கி, காப்பு முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அவிழ்த்த நூலைத் தன் இடது மணிக்கட்டில் சுற்றினாள். "காப்பு இங்கன இருக்கும். இவனைக் கொண்டு போங்கலே" என்றாள்.

என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். ஊரே கூட வந்தது. அவளும் எல்லைக் கல் வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். ஆட்டோ திரும்புகிறவரை அங்கேயே நின்றது தெரிந்தது. காப்புக் கட்டின கை, அதற்கு மேல் எப்படி வருவாள்?

தென்காசி ஆஸ்பத்திரியில் நான் கிடந்த கிடையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூக்கில் ரத்தம், மலத்தில் ரத்தம். ஜன்னல் வழியாகக் குற்றாலத்து மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. என் தங்கை ஆவுடைத்தாய்தான் பக்கத்தில் இருந்தாள். நிர்மலா போனில் கூப்பிட்டு, இன்றைக்குத் தட்டணு எவ்வளவு என்று கேட்பாள். சொன்னால் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்கும். வேறு எதுவும் பேசமாட்டாள். உயிர் போகாமல் நின்றது. ஊரில் அந்தக் கொடைக்கு என்னைத் தவிர ஒருத்தருக்கும் புதிதாகக் காய்ச்சல் வரவில்லை. அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் வந்திருந்தது.

நான் திரும்பி வருவதற்குள் கொடை முடிந்துவிட்டது. கடைசி நாள் நடந்ததை ஆவுடைத்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். விரதம் இருந்த எல்லாருடைய காப்பையும் பூசாரி அவிழ்த்துவிட்டார். நிர்மலாவிடம் வந்தபோது கை வைக்கப் பயந்தார். அண்ணாச்சி முன்னால் வந்து கும்பிட்டு, இது நாங்கள் கட்டின காப்பு இல்லை தாயே, நீயே கட்டிக்கொண்டது, நீ உத்தரவு சொன்னால்தான் அவிழ்ப்போம், அவிழ்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஊரே அவள் வாயைப் பார்த்தது. ம் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவள் தலையைக் குனிந்தபடி நின்றிருக்கிறாள். மேளம் ஓய்ந்த பிறகும் நின்றிருக்கிறாள். உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

காப்பு அவள் கையில் தங்கிவிட்டது. காப்புக் கட்டியவர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது.

புதுச்சேரிக்காரர்கள் ஒரு தடவை தவணை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். காலேஜுக்குப் போக முடியாததால் அந்த வேலையும் போயிற்று. அத்தனை வருஷம் கெஞ்சியும் தராத சான்றிதழ்களை அவர்களாகவே தபாலில் அனுப்பி வைத்தார்கள். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கொடுத்தாள். மூடிய ஊர் நிஜமாகவே உண்டா என்று அதில் ஒருவர் கேட்டார். உண்டு, நான் அதற்குள்ளிருந்துதான் பேசுகிறேன் என்றாள். அவர்கள் தமாஷ் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நான் ஆடி, என் வாயால் அவளை விடுவித்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்காகப் பொய் சொல்லவும் துணிந்துவிட்டேன். அண்ணாச்சி வாஞ்சையாக என் தோளில் கை வைத்து, உன்னிடமிருந்த சாமி நூலோடு அவளிடம் போய்விட்டது தம்பி, இனி உனக்குக் காப்புக் கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் எல்லையைத் தாண்டித் தினமும் தென்காசிக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிறேன். அவள் கல் வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறாள். விசேஷ வீடுகளில் அவளை ஒதுக்கி வைத்த பெண்கள் இப்போது வழியில் கண்டால் காலைத் தொடுகிறார்கள். அதைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை குறி கேட்டு வருகிறவர்களிடம் அவள் அம்மனாகப் பேசுவதில்லை. தண்ணீரைக் கவிழுங்கள், காய்ச்சல் வந்தால் இரண்டு சோதனையும் பாருங்கள், வலி ஊசி போடவிடாதீர்கள் என்று வாத்தியார் மாதிரிதான் சொல்கிறாள். அவர்கள் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு போய் அப்படியே செய்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல சாரல். இந்த வருஷக் கொடைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பரணில் கிடந்த இரண்டு பெட்டிகளையும் நான் இறக்கித் துடைத்து வைத்தேன். அவள் ஜன்னலோரம் காலண்டர் தாளில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் என்னிடம் கெஞ்சிய மாதிரியே கெஞ்சினேன். இந்தக் கொடையில் அண்ணாச்சி கேட்பார், ஒரே ஒரு வார்த்தை சொல்லு, அவுத்துருன்னு சொல்லு, நாம ரெண்டு பேரும் போயிரலாம் என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"அம்மன் வராம நான் எப்படிச் சொல்லுவேன்?"

அப்படியானால் அன்றைக்கு உச்சிப்பூசையில் பேசியது யார் என்ற கேள்வி என் தொண்டை வரை வந்துவிட்டது. நான் கேட்கவில்லை. அவள் மறுபடி தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மணிக்கட்டில் நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. வாசலில் யாரோ குடையை மடக்கிவிட்டு, அம்மா இருக்காங்களா என்று குரல் கொடுத்தார்கள்.

"இருக்காங்க" என்றேன்.